திரும்பி வரும் மனம்

நுழையும்முன்

படித்தது மறந்துவிடுமோ என்னும் அச்சம், பிறர் என்ன நினைப்பார்களோ என்னும் தயக்கம், எதிர்காலம் எவ்வாறு அமையுமோ என்னும் ஐயம் ஆகியவை வளரிளம் பருவத்தினர் எவருக்கும் புதியன அல்ல. இவற்றை முற்றிலும் ஒழித்துவிட எவராலும் இயலாது. ஆயினும் இவற்றால் அலைக்கழிக்கப்படாமல் வாழப் பழகிக்கொள்ள இயலும். அப்பழக்கத்திற்குத் துணைசெய்யும் தொன்மையான பயிற்சிகளுள் ஒன்று தியானம். அஃது எவ்வாறு செயல்படுகிறது, எதனைத் தரும், எதனைத் தராது என்பவற்றை இப்பாடம் விளக்குகிறது.

அச்சம் பிறக்கும் இடம்

உள்ளத்தில் எழும் உணர்வு உடலில் வெளிப்படும் என்பதைத் தமிழர் மிகப் பழங்காலத்திலேயே நுணுகி அறிந்திருந்தனர். அவ்வெளிப்பாட்டை 'மெய்ப்பாடு' எனப் பெயரிட்டு, அதற்கெனத் தனி இயலே வகுத்தார் தொல்காப்பியர். அவர் கூறும் எண்வகை மெய்ப்பாடுகளுள் அச்சமும் ஒன்று. அச்சம் பிறப்பதற்குரிய நிலைக்களன்களாக அணங்கு, விலங்கு, கள்வர், இறை ஆகிய நான்கினை அவர் சுட்டுகிறார். வருத்தும் தெய்வம், காட்டு விலங்கு, பொருள் பறிப்போர், தண்டிக்கும் அதிகாரம் உடையோர் என இவற்றை விளங்கிக்கொள்ளலாம்.

இந்நான்கிற்கும் பொதுவான கூறு ஒன்று உண்டு. இவை யாவும் அஞ்சுவோருக்குப் புறத்தே நிற்பவை. விலங்கு விலகிச் சென்றால் அச்சமும் விலகும். கள்வர் நீங்கினால் நெஞ்சத் துடிப்பும் அடங்கும்.

இன்று நம்மை வருத்துவனவற்றுள் பல இவ்வாறு கண்முன் நிற்பவை அல்ல. மார்ச்சு மாதம் நடைபெறவுள்ள தேர்வை எண்ணி, நவம்பர் மாத இரவொன்றில் மாணவி ஒருத்தி உறக்கமின்றிப் புரள்கிறாள் எனக் கொள்வோம். அவ்வறையில் விலங்கும் இல்லை, கள்வரும் இல்லை, வினாத்தாளும் இல்லை. இருப்பது எண்ணம் மட்டுமே. ஆயினும் அவளது நெஞ்சு வேகமாகத் துடிக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது. கண்ணெதிரே உள்ள இடருக்கு எழும் உணர்வை அச்சம் என்றும், வரக்கூடும் என்று மனம் கருதும் இடருக்கு எழும் உணர்வைப் பதற்றம் என்றும் உளவியலார் வேறுபடுத்துவர். விலங்கைக் கண்டு அஞ்சினால் ஓடித் தப்பலாம். எண்ணத்தைக் கண்டு அஞ்சினால் எங்கே ஓடுவது? இவ்வினாவே தியானம் பற்றிய சிந்தனையின் தொடக்கம்.

உடலின் காவல் ஏற்பாடு

பதற்றத்தைப் புரிந்துகொள்ள, முதலில் உடலைப் புரிந்துகொள்ளவேண்டும். எக்ஸ் கதிர்கள் 1895ஆம் ஆண்டு கண்டறியப்பட்டன. அடுத்த சில ஆண்டுகளில், அமெரிக்காவின் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் பயின்ற வால்டர் கேனன் அக்கதிர்களைக் கொண்டு பூனைகளின் செரிமானத்தை ஆராய்ந்தார். அமைதியாக இருக்கும் பூனையின் இரைப்பை சீராக அசைந்தது. அச்சமோ சினமோ கொண்டவுடன் அவ்வசைவு நின்றுபோயிற்று. உணர்வுக்கும் உறுப்புக்கும் இடையேயுள்ள இத்தொடர்பை அவர் பல ஆண்டுகள் ஆராய்ந்து, 1915ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டார். இடர் நேரும்போது உடல் தன்னைப் போருக்கோ ஓட்டத்திற்கோ ஆயத்தப்படுத்திக்கொள்கிறது என்பது அவர் கண்ட முடிவு. 'எதிர்த்து நில் அல்லது தப்பி ஓடு' என்னும் எதிர்வினையாக இது பின்னர்ப் புகழ்பெற்றது.

இவ்வெதிர்வினை எவ்வாறு நிகழ்கிறது? மூளையின் உட்பகுதியில் அமிக்டலா என்னும் சிறு பகுதி உள்ளது. இடர் என்று ஒன்றைக் கருதியவுடன் அது ஹைபோதலாமஸ் பகுதிக்கு எச்சரிக்கை அனுப்புகிறது. பரிவு நரம்புகள் தூண்டப்படுகின்றன. சிறுநீரகங்களின் மேல் அமைந்துள்ள அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினைச் சுரக்கின்றன. இதயம் விரைந்து துடிக்கிறது, மூச்சு வேகமாகிறது, கை கால் தசைகளுக்குக் குருதி மிகுதியாகப் பாய்கிறது. அவ்வேளையில் செரிமானம் போன்ற அவசரமற்ற பணிகள் குறைக்கப்படுகின்றன. தேர்வு நாளின் காலையில் உணவு இறங்க மறுப்பதும், வாய் உலர்ந்துபோவதும் இதனாலேயே. சற்று நேரத்தில் கார்ட்டிசால் என்னும் ஹார்மோனும் சுரந்து, உடலின் ஆயத்த நிலையை நீட்டிக்கிறது.

இவையெல்லாம் நோயின் அடையாளங்கள் அல்ல. நம்மைக் காக்கும் பொருட்டு இயற்கை அமைத்த ஏற்பாடுகள். சாலையைக் கடக்கும்போது எதிர்பாராமல் விரைந்து வரும் பேருந்தைக் கண்டு துள்ளி விலகச் செய்வதும் இவ்வேற்பாடே. இடர் நீங்கியதும் எதிர்ப்பரிவு நரம்புகள் செயல்பட்டு உடலை இயல்பு நிலைக்குக் கொண்டுவருகின்றன.

இந்த ஆயத்த நிலை ஓயாது நீடித்தால் என்னாகும் என்பதை, கனடாவின் மான்ட்ரியல் நகரில் பணியாற்றிய ஹான்ஸ் செல்யே ஆராய்ந்தார். எலிகளை வெவ்வேறு வகையான இன்னல்களுக்கு உட்படுத்தியபோது, இன்னல் எதுவாயினும் உடலில் ஒரேவகை மாற்றங்கள் தோன்றுவதை அவர் கண்டார். அட்ரினல் சுரப்பிகள் பெருத்தன. இரைப்பையில் புண்கள் உண்டாயின. இக்கண்டுபிடிப்பை 1936ஆம் ஆண்டு வெளியிட்டார். பிற்காலத்தில் இந்நிலையைக் குறிக்க அவர் பரவலாக்கிய 'ஸ்ட்ரெஸ்' என்னும் ஆங்கிலச் சொல், இயற்பியலில் நாம் 'தகைவு' எனப் பயிலும் அதே சொல்லாகும். கம்பி ஓரளவு விசையைத் தாங்கும். விசை நீங்கினால் பழைய நிலைக்குத் திரும்பும். எல்லை கடந்து இழுத்தால் அதன் வடிவமே மாறிவிடும். உடலும் அத்தகையதே. சிறிது நேரம் தோன்றி மறையும் அழுத்தத்தை அது தாங்கும். நாள்தோறும் விடாமல் தொடரும் அழுத்தம் உறக்கத்தையும் செரிமானத்தையும் நினைவாற்றலையும் பாதிக்கும்.

பேருந்து கடந்து சென்றதும் அடங்கிவிடும் எச்சரிக்கை, தேர்வைப் பற்றிய கவலையில் மட்டும் ஏன் அடங்குவதில்லை? பேருந்து ஒருமுறை வந்து செல்கிறது. எண்ணமோ நொடிக்கு நொடி மீண்டும் மீண்டும் வருகிறது. ஒவ்வொரு வருகையையும் உடல் புதிய இடராகவே கருதுகிறது.

அலையும் மனம்

எண்ணம் ஏன் இவ்வாறு சுழல்கிறது? மனிதமனம் நிகழ்காலத்தில் மட்டும் வாழ்வதன்று. நடந்ததை நினைவுகூர்வதும் நடக்கவிருப்பதைக் கற்பனை செய்வதும் அதன் தனிச்சிறப்பு. விதைக்கும் காலத்திலேயே அறுவடையை எண்ணிப் பார்க்கும் இவ்வாற்றலால்தான் வேளாண்மையும் வணிகமும் அறிவியலும் வளர்ந்தன. கவிதை பிறப்பதும் மனத்தின் இவ்வுலாவினால்தான். ஆகவே, மனம் அலைவதே குற்றம் என்று கூறிவிட இயலாது.

எனினும் அவ்வுலாவுக்கு நாம் ஒரு விலை கொடுக்கிறோம். ஹார்வர்டு பல்கலைக்கழக உளவியலாளர்களான மேத்யூ கில்லிங்ஸ்வொர்த்தும் டேனியல் கில்பர்ட்டும் 2010ஆம் ஆண்டு ஓர் ஆய்வினை வெளியிட்டனர். 2250 பேரிடம் கைப்பேசி வழியாக, நாளின் வெவ்வேறு வேளைகளில் மூன்று வினாக்கள் கேட்கப்பட்டன. இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள்? மனம் அதில் இருக்கிறதா, வேறெங்கேனும் இருக்கிறதா? எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கிறீர்கள்? கிடைத்த விடைகளுள் ஏறத்தாழ 47 விழுக்காட்டில், மனம் செய்யும் செயலில் இல்லை. அவ்வாறு மனம் வேறெங்கோ இருந்த வேளைகளில் மகிழ்ச்சியும் குறைவாகவே இருந்தது.

விழித்திருக்கும் நேரத்தில் ஏறக்குறைய பாதியளவு நாம் இருக்குமிடத்தில் இல்லை என்பதை இவ்வாய்வு உணர்த்துகிறது. மனம் அலைவது இயல்பு என்றால், அது அலைகிறது என்பதையே நாம் அறியாதிருப்பதுதான் இடர்ப்பாடு. புத்தகத்தைத் திறந்து வைத்து நான்கு பக்கங்களைப் புரட்டிய பிறகு, ஒரு வரிகூட மனத்தில் பதியவில்லை என்பதை நாம் திடீரென உணர்வதுண்டு. அலைந்த நேரம் முழுவதும், அலைகிறோம் என்னும் அறிவு நமக்கு இல்லை. அவ்வறிவு சற்று முன்னதாக வந்திருந்தால் இரண்டாம் பக்கத்திலேயே திரும்பியிருப்போம். அதனைச் சற்று முன்னதாக வரச்செய்யும் பயிற்சியே தியானம்.

தியானம் என்பது யாது?

தியானம் என்றவுடன் எண்ணமே இல்லாத வெறுமை நிலையைப் பலர் கற்பனை செய்கின்றனர். கண்ணை மூடி அமர்ந்த ஒரு நிமிடத்திற்குள் நூறு எண்ணங்கள் வந்து மொய்ப்பதைக் கண்டு, 'எனக்குத் தியானம் கைகூடாது' என்று எழுந்துவிடுகின்றனர். இது பிழையான புரிதல். எண்ணங்களைத் துரத்துவது தியானத்தின் நோக்கமன்று. துரத்தத் துரத்த அவை பெருகும். குரங்கை நினைக்காமல் மருந்து குடிக்கவேண்டும் என்று சொல்லப்பட்டவன் குரங்கையே நினைத்த கதையை நாம் அறிவோம்.

தியானப் பயிற்சி நான்கு நிலைகளை உடையது. கவனத்தை மூச்சு போன்ற ஒன்றில் நிறுத்துதல் முதல் நிலை. சிறிது நேரத்தில் கவனம் நழுவி வேறொன்றுக்குச் செல்லுதல் இரண்டாம் நிலை. நழுவியதை அறிதல் மூன்றாம் நிலை. கடிந்துகொள்ளாமல் மீண்டும் மூச்சுக்குத் திரும்புதல் நான்காம் நிலை. பின்னர் மீண்டும் முதல் நிலை. ஐந்து நிமிடத்தில் மனம் முப்பது முறை அலைந்து முப்பது முறை திரும்பியதெனில், அப்பயிற்சி தோல்வியுற்றதாகாது; முப்பது முறை பயிற்சி நிகழ்ந்ததாகவே பொருள். எடையைத் தூக்கித் தூக்கி இறக்குவதால் தசை வலுப்பெறுவதுபோல, நழுவி நழுவித் திரும்புவதால் கவனம் வலுப்பெறுகிறது. திரும்புதலே தியானத்தின் உயிர்நிலை.

இங்கு 'கடிந்துகொள்ளாமல்' என்னும் சொல் இன்றியமையாதது. 'ஐயோ, மீண்டும் அலைந்துவிட்டேனே' என்று வருந்துவதும் மற்றோர் அலைச்சலே. தவழும் குழந்தை வாயிலை நோக்கிச் செல்லும்போதெல்லாம் தாய் அதனை அடித்து இழுப்பதில்லை. அன்போடு தூக்கிவந்து அமர வைக்கிறாள். மனத்தையும் அவ்வாறே திருப்பவேண்டும்.

இவ்வாறு நிகழ்வதை நிகழும்போதே, விருப்பு வெறுப்பின்றி அறிந்திருக்கும் நிலை 'முழுக்கவனம்' எனப்படுகிறது. தியானம் குறிப்பிட்ட நேரத்தில் செய்யும் பயிற்சி. முழுக்கவனம் அப்பயிற்சியால் அன்றாட வாழ்விலும் தொடரும் பண்பு.

தொன்மரபிலிருந்து மருத்துவமனைக்கு

தியானம் இந்திய நிலத்தின் பல சமயமரபுகளிலும் வேரூன்றியது. தமிழில் திருமூலர் இயற்றிய திருமந்திரம் ஒன்பது தந்திரங்களை உடையது. அதன் மூன்றாம் தந்திரம் இயமம், நியமம், ஆதனம், பிராணாயாமம், பிரத்தியாகாரம், தாரணை, தியானம், சமாதி என்னும் எண்வகை யோக உறுப்புகளை விரித்துரைக்கிறது. இவ்வரிசையில் தியானம் ஏழாவதாக வருவது எண்ணத்தக்கது. ஒழுக்கமும் உடல்நலமும் மூச்சுப் பயிற்சியும் அதற்கு முன்னரே வைக்கப்பட்டுள்ளன. புறத்தே ஓடும் மனத்தை அகத்தே திருப்புதலாகிய பிரத்தியாகாரமும் தியானத்திற்கு முன்னிலையாகவே கூறப்படுகிறது.

பௌத்த மரபில் முழுக்கவனத்தைக் குறிக்கும் பாலிமொழிச் சொல் 'சதி' என்பதாகும். அதன் அடிப்படைப் பொருள் நினைவு. தான் இருக்கும் இடத்தையும் செய்யும் செயலையும் மறவாமல் இருத்தல் என்பதே அதன் உட்கருத்து. இம்மரபின் பயிற்சிகள் இலங்கை, மியான்மர், தாய்லாந்து முதலிய நாடுகளில் தொடர்ந்து போற்றப்பட்டு வந்தன.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இப்பயிற்சிகள் மருத்துவ உலகின் கவனத்தை ஈர்த்தன. ஹார்வர்டு மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த ஹெர்பர்ட் பென்சன், தியானத்தின்போது உடலில் நிகழும் மாற்றங்களை அளந்து, 1975ஆம் ஆண்டு நூல் ஒன்றை வெளியிட்டார். கேனன் கண்ட போராட்ட ஆயத்தத்திற்கு நேர் எதிரான 'தளர்வு எதிர்வினை' ஒன்றும் உடலில் உண்டு என்றும், அதனைப் பயிற்சியால் எழுப்பலாம் என்றும் அவர் கூறினார்.

மூலக்கூறு உயிரியல் பயின்றவரான ஜான் கபாட் சின், 1979ஆம் ஆண்டு மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் பயிற்சித் திட்டம் ஒன்றைத் தொடங்கினார். வழக்கமான மருத்துவத்தால் முழுப் பயன் பெறாமல் நாள்பட்ட வலியுடன் வாழ்ந்தோர் அதில் சேர்ந்தனர். பௌத்த தியானத்தையும் யோகப் பயிற்சியையும் அடிப்படையாகக் கொண்டபோதிலும், எச்சமயத்தாரும் ஏற்கும் வகையில் அத்திட்டம் அமைக்கப்பட்டது. முழுக்கவனம் உலகின் பல மருத்துவமனைகளுக்குச் சென்று சேர அதுவே வழிகோலியது.

ஐந்து நிமிடப் பயிற்சி

தொடக்க நிலையில் நாளுக்கு ஐந்து நிமிடமே போதுமானது. தனியறையோ சிறப்பு ஆசனமோ தேவையில்லை. தரையிலோ நாற்காலியிலோ முதுகை நிமிர்த்தி, விறைப்பின்றி அமரவேண்டும். கைகளை மடியில் இயல்பாக வைத்துக்கொள்ளவேண்டும். கண்களை மூடிக்கொள்ளலாம், அவ்வாறு மூடுவது அசௌகரியமாக இருப்பின், சற்றுத் தொலைவில் தரையை நோக்கிப் பார்வையைத் தாழ்த்தலாம்.

முதலில், உடல் தரையைத் தொடும் இடங்களை உணரவேண்டும். அடுத்து, மூச்சு எவ்விடத்தில் தெளிவாகப் புலப்படுகிறது என்பதைக் கவனிக்கவேண்டும். சிலருக்கு நாசித் துளையில் குளிர்ச்சியாகவும், சிலருக்கு வயிற்றின் ஏற்ற இறக்கமாகவும் அது தோன்றும். அவ்விடத்தில் கவனத்தை வைத்து, உள்ளே செல்லும் மூச்சையும் வெளியே வரும் மூச்சையும் அறியவேண்டும். மூச்சை அடக்கவோ வலிந்து இழுக்கவோ வேண்டியதில்லை.

எண்ணம் குறுக்கிடும்போது அதற்கு ஒரு சிறு பெயர் சூட்டுதல் பயன்தரும். 'இது கவலை', 'இது திட்டம்', 'இது நினைவு' என்று மனத்துக்குள் சொல்லிவிட்டு மூச்சுக்குத் திரும்பலாம். 'நான் தோற்றுவிடுவேன்' என்று எண்ணுவதும், 'நான் தோற்றுவிடுவேன் என்னும் எண்ணம் இப்போது வந்துள்ளது' என்று அறிவதும் ஒன்றல்ல. முன்னதில் நாம் எண்ணத்தின் உள்ளே இருக்கிறோம். பின்னதில் அதன் கரையில் நின்று பார்க்கிறோம். ஆற்றில் அடித்துச் செல்லப்படுபவருக்கும், கரையில் நின்று அவ்வாற்றைக் காண்பவருக்கும் உள்ள வேறுபாடு இது.

மிகுந்த பதற்றம் எழும் வேளைக்கென எளிய முறை ஒன்றுண்டு. மூச்சை இயல்பாக உள்ளிழுத்து, அதனைவிடச் சற்று நீண்ட நேரம் மெல்ல வெளிவிடவேண்டும். மூச்சை உள்ளிழுக்கும்போது இதயத்துடிப்பு சிறிது விரைவதும், வெளிவிடும்போது சிறிது தணிவதும் உடலின் இயல்பு. வெளிமூச்சின்போது வேகஸ் நரம்பின் வழியாக எதிர்ப்பரிவு நரம்புகளின் செயல் மேலோங்குவதே அதற்குக் காரணம். ஆகையால் வெளிமூச்சை நீட்டும்போது உடல் தணிவை நோக்கிச் செல்கிறது. தேர்வறையில் வினாத்தாளைப் பெற்றவுடன், பிறர் அறியாமலே இவ்வாறு ஐந்தாறு முறை செய்து பின்னர்ப் படிக்கத் தொடங்கலாம்.

அன்றாடச் செயல்களில் முழுக்கவனம்

தனியே அமர்ந்து செய்யும் பயிற்சியின் பயன் அன்றாடச் செயல்களில் வெளிப்படவேண்டும். நாள்தோறும் ஒருவேளை உணவையேனும் கைப்பேசியோ தொலைக்காட்சியோ இன்றி, சுவையும் மணமும் அறிந்து உண்ணலாம். பள்ளிக்கு நடந்து செல்லும்போது, பாதம் மண்ணைத் தொடுவதை நூறு அடிகளுக்கு மட்டும் கவனிக்கலாம். படிக்க அமரும் முன் மூன்று மூச்சுகளைக் கவனித்துவிட்டுப் புத்தகத்தைத் திறக்கலாம். இவை எளியனவாகத் தோன்றலாம். ஆனால் செய்வதைச் செய்யும்போதே அறிதல் என்னும் பழக்கம் இத்தகைய சிறு செயல்களில்தான் ஊன்றுகிறது.

கவலைகளை நேர்கொள்ளும் முறை ஒன்றினை வேதாத்திரி மகரிஷி வகுத்துள்ளார். கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் 1911ஆம் ஆண்டு பிறந்த அவர், தாம் உருவாக்கிய மனவளக்கலைப் பயிற்சியில் 'கவலை ஒழித்தல்' என்பதையும் ஒரு பகுதியாக வைத்தார். கவலைகளை அனுபவித்தே தீரவேண்டியவை, தள்ளிப்போட வேண்டியவை, பொருட்படுத்தாது விடவேண்டியவை, உடனே தீர்க்கவேண்டியவை என நான்காகப் பகுப்பது அம்முறை.

ஒரு மாணவர் தம் கவலைகளைத் தாளில் எழுதி இவ்வாறு பகுத்துப் பார்க்கலாம். 'நாளை வேதியியல் செய்முறைப் பதிவேட்டை ஒப்படைக்கவேண்டும்' என்பது உடனே தீர்க்கவேண்டியது. 'எந்தக் கல்லூரியில் இடம் கிடைக்கும்' என்பது தள்ளிப்போட வேண்டியது. 'என் ஆடையைப் பற்றித் தோழி என்ன நினைத்தாள்' என்பது பொருட்படுத்தாது விடத்தக்கது. 'பாட்டி மறைந்துவிட்டார்' என்பது துயருற்றே கடக்கவேண்டியது. மனத்துக்குள் ஒரே திரளாய் அழுத்திய சுமை, தாளில் நான்கு பகுதிகளாகப் பிரிந்தவுடன் அதன் உண்மையான அளவு புலப்படும்.

ஆய்வுகள் கூறுவன

தியானம் எல்லா நோய்களையும் தீர்க்கும் என்று கூறுவோரும் உளர். அது வெறும் நம்பிக்கை என்று ஒதுக்குவோரும் உளர். இரண்டும் சான்றுகளோடு பொருந்தவில்லை. முன்னர் நடத்தப்பட்ட 47 ஆய்வுகளை, அவற்றில் பங்கேற்ற 3515 பேரின் முடிவுகளோடு ஒருங்கே மதிப்பிட்ட அறிக்கை ஒன்று 2014ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவ இதழில் வெளியாயிற்று. முழுக்கவனத் தியானம் பதற்றத்தையும் மனச்சோர்வையும் ஓரளவு குறைக்கிறது என்று அது கண்டது. அதேவேளையில் உடற்பயிற்சி, மருந்து போன்றவற்றைவிடத் தியானம் மேலானது என்பதற்குச் சான்று இல்லை என்றும் தெளிவுபடுத்தியது.

பதற்றக் கோளாறு உடைய 276 பேரிடம் அமெரிக்காவில் நடைபெற்ற ஆய்வின் முடிவு 2022ஆம் ஆண்டு வெளியாயிற்று. எட்டு வார முழுக்கவனப் பயிற்சி பெற்றோரும், வழக்கமான மருந்து உட்கொண்டோரும் ஏறத்தாழ ஒரேயளவு பயன் அடைந்திருந்தனர். பயிற்சி பெற்றோர் வாரந்தோறும் வகுப்புக்குச் சென்றதோடு, நாள்தோறும் வீட்டில் 45 நிமிடம் பயிலவும் அறிவுறுத்தப்பட்டிருந்தனர் என்பதையும் இங்கே கருதவேண்டும்.

அதே ஆண்டில் பிரித்தானியாவிலிருந்து வெளியான ஆய்வு மற்றொரு பக்கத்தைக் காட்டியது. எண்பதுக்கும் மேற்பட்ட பள்ளிகளில் 8000க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் நடத்தப்பட்ட அவ்வாய்வில், வகுப்பில் கற்பிக்கப்பட்ட முழுக்கவனப் பாடம், வழக்கமான சமூக, மனவெழுச்சிக் கல்வியைவிடக் கூடுதல் பயன் தரவில்லை. மாணவருள் பெரும்பாலோர் வகுப்புக்கு வெளியே அதனைப் பயிலவில்லை என்பதும் தெரியவந்தது. நீச்சலைப் பற்றிய பாடம் எவரையும் நீந்த வைப்பதில்லை. விரும்பி, நாள்தோறும் பழகுவோருக்கே எப்பயிற்சியும் பயன்தரும் என்பதையும், ஒரே முறை அனைவருக்கும் பொருந்தாது என்பதையும் இவ்விரு ஆய்வுகளையும் ஒப்புநோக்கி எண்ணிப் பார்க்கலாம்.

தெரிந்து தெளிவோம்

இந்திய அரசின் தொலைபேசி மனநலச் சேவையான 'டெலி மானஸ்', 2022ஆம் ஆண்டு உலக மனநல நாளான அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்டது. 14416 என்னும் எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலும் பேசலாம். தமிழக அரசின் 104 மருத்துவ உதவி எண்ணிலும் மாணவர்கள் மனநல ஆலோசனை பெறலாம்.

தியானத்தின் எல்லை

ஒரு பயிற்சியின் ஆற்றலை அறிவதைப்போன்றே அதன் எல்லையை அறிவதும் தேவை. தியானம் படிப்புக்கு மாற்றாகாது; உறக்கத்துக்கும் விளையாட்டுக்கும் மாற்றாகாது. நள்ளிரவு வரை கைப்பேசியைப் பார்த்துவிட்டு, அதனால் வரும் சோர்வை ஐந்து நிமிடத் தியானத்தால் ஈடுசெய்ய இயலாது.

சில துன்பங்களின் காரணம் மனத்துக்குள் இல்லை, புறத்தே உள்ளது. ஒருவரைப் பிறர் நாள்தோறும் இழிவுபடுத்தினாலோ, வீட்டில் வன்முறை நிகழ்ந்தாலோ, எவரேனும் தவறான முறையில் அணுகினாலோ, அதனைப் பொறுத்துக்கொள்வதற்காகக் கண்மூடி அமர்வது தீர்வாகாது. தொல்காப்பியர் கூறிய விலங்கும் கள்வரும் இன்று வேறு உருவில் கண்முன் நிற்கும் நிலை அது. அங்கே எழும் அச்சம் மெய்யான எச்சரிக்கை. அதற்குச் செவிசாய்த்து நம்பிக்கைக்குரிய பெரியோரிடம் கூறுவதும், உதவி கோருவதுமே முறை. துன்புறுத்தியவர் செய்த தவற்றுக்குத் துன்புற்றவர் தம் மனத்தைக் குறைகூறிக்கொள்ளத் தேவையில்லை.

பதற்றமும் சோர்வும் பல வாரங்கள் நீடித்து, உறக்கம், உணவு, படிப்பு, நட்பு ஆகியவற்றைச் சிதைக்குமாயின், அது மருத்துவ உதவி தேவைப்படும் நிலை. வாழவே விருப்பமில்லை என்னும் எண்ணம் ஒருமுறை எழுந்தாலும், தனித்திராமல் உடனே ஒருவரிடம் சொல்லவேண்டும். காய்ச்சலுக்கு மருத்துவரை நாடுவதில் நாணம் இல்லாததுபோல, மனநலத்திற்கு மருத்துவரை நாடுவதிலும் நாணம் தேவையில்லை. கொடிய நிகழ்வுகளால் பாதிக்கப்பட்ட சிலருக்குக் கண்மூடி அமரும்போது பழைய நினைவுகள் மேலெழுந்து வருத்தக்கூடும். அவர்கள் பயிற்சியை நிறுத்திவிட்டு, தக்கோரின் வழிகாட்டுதலைப் பெறுதல் நலம். மருந்து உட்கொள்வோர் தியானத்தை நம்பி மருந்தைத் தாமாகவே நிறுத்துதல் கூடாது.

நிறைவாக

பதற்றம் நம்மைக் காக்க வந்த காவலன். எனினும் இடரையும் இடர் பற்றிய எண்ணத்தையும் பிரித்தறியாத காவலன். அக்காவலனை வீட்டைவிட்டுத் துரத்த இயலாது, துரத்தவும் வேண்டியதில்லை. 'நீ கூறியது கேட்டது; இப்போது இங்கே இடர் ஏதுமில்லை' என்று அதற்கு உணர்த்தினால் போதும். மூச்சுக்குத் திரும்பும் ஒவ்வொரு முறையும் உடலுக்கு நாம் அச்செய்தியைக் கூறுகிறோம்.

தேர்வுகள் தொடர்ந்து வரும். அவற்றுக்குப் பின்னும் வாழ்வு பல வினாக்களை எழுப்பும். அப்போதெல்லாம் மனம் அலையத்தான் செய்யும். அலைந்ததை அறிந்து திரும்பும் வழி பழகியிருந்தால், எவ்வளவு தொலைவு சென்றாலும் அது வீடு வந்து சேரும்.

கற்பவை கற்றபின்

1. ஒரு வாரம் நாள்தோறும் ஐந்து நிமிடம் மூச்சைக் கவனிக்கும் பயிற்சி செய்து, ஒவ்வொரு நாளும் மனம் மிகுதியாகச் சென்ற இடத்தை ஒரு சொல்லில் குறித்து வருக.

2. தொல்காப்பியர் கூறும் அச்சத்தின் நிலைக்களன்கள் நான்கினையும், இக்கால மாணவரின் பதற்றத்திற்கான காரணங்களையும் ஒப்பிட்டுக் கலந்துரையாடுக.

3. 'தியானம் அனைத்துத் துன்பங்களுக்கும் தீர்வாகுமா?' என்னும் தலைப்பில் பாடச் செய்திகளைச் சான்று காட்டி ஒரு பக்க அளவில் கட்டுரை எழுதுக.